ஒரு பட்டதாரியின் மூன்று மாவட்டங்கள்

உயர்கல்விச் சேர்க்கை, வட்டார வேலைவாய்ப்பு, முனைவர் பட்ட ஆய்வு ஆகியவை குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்



ஆய்வாளர்களுக்குக் கைகொடுக்கும் ஒரு பொருளைப் பற்றிப் பேச வேண்டும் என்று பொருளியல் துறையினர் கேட்டுக்கொண்டார்கள். அதற்கு இணங்க இரண்டு கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு மாவட்டத்திலிருந்து எவ்வளவு பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள்? படித்து முடித்தபின் அவர்கள் எந்த ஊரில், என்ன வேலையில் இருக்கிறார்கள்? முதல் கேள்விக்கு விடை தேட அறிக்கைகள் இருக்கின்றன, அமைச்சர்கள் சட்டமன்றத்தில் எண்களைச் சொல்கிறார்கள். இரண்டாவது கேள்வியைக் கேட்டால் கல்லூரி அலுவலகம் பிளேஸ்மென்ட் பட்டியலை எடுத்து நீட்டுகிறது. அந்தப் பட்டியலில் இல்லாதவர்கள் என்ன ஆனார்கள் என்று சொல்ல அங்கே யாரும் இல்லை.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு பட்டதாரிக்கும் மூன்று மாவட்டங்கள் உண்டு. பிறந்து வளர்ந்து பள்ளிப் படிப்பை முடித்தது ஒன்று. கல்லூரி இருக்கும் மாவட்டம் ஒன்று. வேலை பார்க்கும், அல்லது வேலை தேடும் மாவட்டம் ஒன்று. சிலருக்கு இந்த மூன்றும் ஒரே மாவட்டமாக அமையலாம், பலருக்கு அமைவதில்லை. நம்மிடம் இருக்கும் கணக்குகள் இவற்றில் ஏதாவது ஒன்றைத்தான் பார்க்கின்றன. மூன்றையும் ஒரே மனிதரின் வாழ்க்கையாகச் சேர்த்துப் பார்க்காதவரை, உயர்கல்வி ஒரு வட்டாரத்துக்கு என்ன செய்தது என்று நம்மால் சொல்ல முடியாது. அப்படிச் சேர்த்துப் பார்ப்பதற்கு வேண்டிய காலமும் பொறுமையும் முனைவர் பட்ட ஆய்வில் இருக்கின்றன.

1. கதவுகள் திறந்த வரிசை

தமிழ்நாட்டில் உயர்கல்வி பரவிய கதையைப் பல்கலைக்கழகங்கள் தோன்றிய வரிசையே சொல்லும். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் தொடங்கியது. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் வந்தது. மதுரைக்கு 1966இல்தான் பல்கலைக்கழகம் கிடைத்தது. 1982இல் கோவைக்குப் பாரதியார், திருச்சிக்குப் பாரதிதாசன்; 1990இல் திருநெல்வேலிக்கு மனோன்மணியம் சுந்தரனார்; 1997இல் சேலத்துக்குப் பெரியார்; 2002இல் வேலூருக்குத் திருவள்ளுவர். இடையில் 1980களின் நடுவில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. நெடுஞ்சாலை ஓரங்களில் அவை எழுந்த வேகத்தை இங்கே மூத்தவர்கள் கண்ணால் பார்த்திருப்பீர்கள்.

கட்டடம் வந்தால் மட்டும் ஏழை வீட்டுப் பிள்ளை உள்ளே வந்துவிடாது. அதற்குத் தனியாக முடிவுகள் எடுக்கப்பட்டன. 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவுத் திட்டம், பசித்த குழந்தையைப் பள்ளியில் தங்கவைத்தது. 2007இல் தொழிற்கல்விக்கான மாநில நுழைவுத் தேர்வு நீக்கப்பட்டது. 2010-11இல் முதல் பட்டதாரிகளுக்கான கல்விக் கட்டணச் சலுகை வந்தது. 2021இல் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளிலும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இடம் ஒதுக்கப்பட்டது. 2022இல் புதுமைப் பெண் திட்டமும் 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் 1,000 ரூபாயை மாணவர்களின் வங்கிக் கணக்குக்கே கொண்டு சேர்த்தன.

இதன் பலன் எண்ணில் தெரிகிறது. மத்திய அரசின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு 2021-22 அறிக்கைப்படி, இந்தியாவின் மொத்தச் சேர்க்கை விகிதம் 28.4. தமிழ்நாட்டின் விகிதம் 47.0. 2035இல் நாடு முழுவதும் 50 விழுக்காட்டை எட்ட வேண்டும் என்பது தேசியக் கல்விக் கொள்கையின் இலக்கு. அந்த இலக்கின் அருகில் நாம் எப்போதோ வந்துவிட்டோம். ஒரு பெரிய மாநிலம் இந்த விகிதத்தை எட்டியது எளிய சாதனை அன்று. இனி நான் எழுப்பப் போகும் கேள்விகள் எவையும் இந்தச் சாதனையைக் குறைப்பதற்கானவை அல்ல. அதை நம்பித் தம் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்களுக்கு நாம் சொல்ல வேண்டிய கணக்கு பாக்கியிருக்கிறது. அதற்காகவே இந்தக் கேள்விகள்.

2. விகிதத்துக்கு உள்ளே

மொத்தச் சேர்க்கை விகிதம் என்றால் என்ன? ஒரு மாநிலத்தின் உயர்கல்வி நிறுவனங்களில் சேர்ந்திருப்பவர்களின் எண்ணிக்கையை, அந்த மாநிலத்தில் 18 முதல் 23 வயது வரையுள்ள மக்கள்தொகையால் வகுத்து நூறால் பெருக்குவது. சேர்ந்திருப்பவர் எந்த வயதினராகவும் இருக்கலாம், வேறு மாநிலத்திலிருந்தும் வந்திருக்கலாம். 2021-22 அறிக்கையிலேயே சண்டிகரின் விகிதம் 64.8, புதுச்சேரியின் விகிதம் 61.5. அந்த ஊர்களில் பிறந்த இளைஞர்களில் அவ்வளவு பேர் படிக்கிறார்கள் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. பஞ்சாபிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் சண்டிகருக்குப் படிக்க வருகிறார்கள். கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் புதுச்சேரிக்குப் போகிறார்கள். மேலே வரும் எண்ணில் அவர்கள் உண்டு, கீழே வகுக்கும் எண்ணில் இல்லை.

மாநில அளவிலேயே இந்தச் சிக்கல் இருக்கும்போது, மாவட்ட அளவுக்கு இறங்கினால் அது பன்மடங்காகும். பல்கலைக்கழகமும் பொறியியல் கல்லூரிகளும் நிறைந்த கோயம்புத்தூர் மாவட்டத்தின் சேர்க்கையில் நீலகிரி, ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களின் பிள்ளைகளும் கேரள மாணவர்களும் கலந்திருக்கிறார்கள். கல்லூரி குறைந்த மாவட்டத்தின் பிள்ளை வெளியூர் விடுதியில் தங்கிப் படித்தால், சொந்த மாவட்டத்தின் கணக்கில் அவர் இல்லாமல் போகிறார்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. 2019-20 அறிக்கையில் தமிழ்நாட்டின் விகிதம் 51.4. 2021-22இல் அது 47.0. இரண்டையும் பக்கத்தில் வைத்து, சேர்க்கை சரிந்துவிட்டது என்று எழுதிவிடலாம். உண்மையில் மாறியது வகுக்கும் எண். முன்பு 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அடிப்படையில் மதிப்பிட்டார்கள், பின்னர் 2011 கணக்கெடுப்பின் அடிப்படைக்கு மாறினார்கள். ஆய்வேட்டில் ஒரு வரைபடம் போடுவதற்கு முன் இந்த அடிக்குறிப்புகளைப் படிப்பது நம் முதல் கடமை.

சேர்ந்தவர் எல்லாரும் பட்டம் பெற்றவரும் அல்லர். அரியர் தாள்களோடு கல்லூரியை விட்டு வெளியேறியவர் சேர்க்கைக் கணக்கில் மூன்று, நான்கு ஆண்டுகள் இருந்திருப்பார். வேலைச் சந்தைக்கு வரும்போது அவர் கையில் இருப்பது பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ்தான். பட்டதாரியின் சம்பளமும் கிடைக்காமல், பன்னிரண்டாம் வகுப்போடு வேலைக்குப் போனவரின் அனுபவமும் இல்லாமல் நிற்கும் இவர்களைப் பற்றித் தனியே ஓர் ஆய்வேடு எழுதலாம், எழுத வேண்டும்.

3. நான்கு மாவட்டங்கள், நான்கு சந்தைகள்

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் மாநில அளவில் முதலிடம் பெற்ற மாவட்டங்களைப் பாருங்கள். 2022இல் பெரம்பலூர், 2023இல் விருதுநகர், 2024இல் திருப்பூர், 2025இல் அரியலூர். பள்ளிக் கல்வியில் மாநிலத்தின் உச்சியைத் தொட்ட மாவட்டங்கள் இவை. இங்கிருந்து கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்குப் பட்டம் பெற்றபின் சொந்த மாவட்டம் என்ன தருகிறது?

அரியலூரில் சுண்ணாம்புக்கல் உண்டு, அதை நம்பிய சிமென்ட் ஆலைகள் உண்டு. ஆலை பெரியது, ஆனால் இயந்திரமயமான தொழில் என்பதால் அதற்கு வேண்டிய பட்டதாரிகளின் எண்ணிக்கை சிறியது. பெரம்பலூர் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பருத்தியும் விளையும் மானாவாரி பூமி. அங்கே ஒரு டயர் ஆலையும் அண்மையில் காலணித் தொழிலும் வந்திருக்கின்றன. இரண்டு மாவட்டங்களிலும் பட்டதாரிக்குக் கிடைக்கும் மேசை வேலை என்றால் அரசு அலுவலகம், வங்கி, பள்ளி, தனியார் கல்லூரி என்று ஒரு கைக்குள் அடங்கிவிடும்.

விருதுநகர் மாவட்டத்தின் சிவகாசியில் அச்சகங்களும் பட்டாசு, தீப்பெட்டி ஆலைகளும் இருக்கின்றன. வேலைக்குப் பஞ்சமில்லாத ஊர். ஆனால் அங்கே ஆள் தேவைப்படும் வேலைகளில் பெரும்பகுதிக்குப் பட்டம் தேவையில்லை. திருப்பூரிலும் அதே நிலை. பின்னலாடை ஏற்றுமதி நகரத்தில் கட்டிங், தையல், செக்கிங் என்று ஆள் கேட்கும் பலகைகள் தெருவெங்கும் தொங்குகின்றன. பட்டதாரிக்கான இடம் மெர்ச்சண்டைசர், கணக்கு, ஏற்றுமதி ஆவணப் பிரிவு என்று குறுகியது. வேலையின்மை விகிதத்தை மட்டும் வைத்து அளந்தால் திருப்பூர் நல்ல மாவட்டம். பட்டத்துக்குப் பொருத்தமான வேலை என்ற அளவுகோலை வைத்தால் கேள்வியே வேறு.

ஆகவே பட்டதாரி வேலைவாய்ப்பு என்ற ஒற்றைச் சொல்லுக்குள் குறைந்தது இரண்டு வேறுபட்ட சிக்கல்கள் இருக்கின்றன. அரியலூரின் சிக்கல் வேலை இல்லாமை. திருப்பூரின் சிக்கல் பொருந்தாமை. முன்னதற்குத் தொழில் முதலீடு மருந்தாகலாம். பின்னதற்கு, இருக்கும் தொழிலே வடிவமைப்பு, சோதனைக்கூடம், சொந்த வணிகப்பெயர் என்று மேல்படிக்கு ஏற வேண்டும். இரண்டையும் கலந்து ‘தமிழ்நாட்டில் பட்டதாரி வேலையின்மை’ என்று பொதுவாக எழுதும் ஆய்வு இரண்டு மாவட்டங்களுக்கும் உதவாது.

இந்த நான்கு மாவட்டங்களுக்கு வெளியே வேறொரு போக்கும் தெரிகிறது. தென்காசி மாவட்டம் மத்தளம்பாறையில் 2011இல் மென்பொருள் நிறுவனமான சோஹோ அலுவலகம் திறந்தது. விழுப்புரம், தஞ்சாவூர், சேலம், தூத்துக்குடி ஆகிய ஊர்களில் 2024இல் மினி டைடல் தகவல் தொழில்நுட்பப் பூங்காக்கள் திறக்கப்பட்டன. வேலையைப் பட்டதாரியின் ஊருக்குக் கொண்டுபோகும் முயற்சிகள் இவை. அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களில் உள்ளூர்ப் பிள்ளைகள் எவ்வளவு பேர்? சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஊர் திரும்பியவர்கள் எவ்வளவு பேர்? இந்தப் பூங்காக்கள் புதியவை என்பதால் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்து பதிவு செய்ய இப்போது வாய்ப்பு இருக்கிறது. பத்து ஆண்டுகள் கழித்து இந்த வாய்ப்பு கிடைக்காது.

4. காத்திருப்பவர்கள்

1969இல் மார்க் பிளாக், ரிச்சர்ட் லேயார்ட், மவுரீன் உட்ஹால் ஆகிய மூவரும் இந்தியப் பட்டதாரி வேலையின்மையின் காரணங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார்கள். வேலையில்லாப் பட்டதாரி என்பவர் பெரும்பாலும் இளைஞர். அவர் நிரந்தரமாக வேலையில்லாதவர் அல்லர், தக்க வேலைக்குக் காத்திருப்பவர் என்று அவர்கள் காட்டினார்கள். அரை நூற்றாண்டுக்குப் பிறகும் அந்தக் கருத்து நமக்குப் பயன்படுகிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித மேம்பாட்டு நிறுவனமும் 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கை, 2022இல் இளம் பட்டதாரிகளின் வேலையின்மை விகிதம் 29.1 என்கிறது. எழுதப் படிக்கத் தெரியாத இளைஞர்களிடம் அது 3.4. படித்ததால் வேலை போயிற்று என்று இதைப் படிக்கக் கூடாது. காத்திருக்க முடியாதவர் கிடைத்த வேலையைச் செய்கிறார். குடும்பம் எப்படியாவது தாங்கும் என்றால் பட்டதாரி காத்திருக்கிறார்.

நம் மாநிலத்தில் காத்திருப்புக்கு ஒரு நிலையான முகவரி உண்டு: போட்டித் தேர்வு. 2022 ஜூலையில் நடந்த டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. விண்ணப்பித்தவர்கள் 22 லட்சத்துக்கும் மேல். பத்தாம் வகுப்புத் தகுதி போதும் என்ற அந்தத் தேர்வைப் பட்டதாரிகளும் முதுகலைப் பட்டதாரிகளும் பொறியாளர்களும் எழுதுகிறார்கள். மாவட்ட நூலகத்தின் வாசிப்பறையிலும் கோச்சிங் சென்டர் மாடிகளிலும் அவர்களைக் காணலாம்.

இந்தக் காத்திருப்பு எல்லா வட்டாரத்திலும் ஒரே மாதிரி இருப்பதில்லை. தனியார் துறையில் நல்ல வேலை கிடைக்கும் மாவட்டத்தில் அரசு வேலை பல வாய்ப்புகளில் ஒன்று. அது இல்லாத மாவட்டத்தில் சொந்த ஊரிலேயே மதிப்போடு வாழ அரசு வேலைதான் வழி. தமிழ்நாட்டில் 69 விழுக்காடு இடஒதுக்கீடு அரசுப் பணியில் உண்டு, தனியார் பணியில் இல்லை. சுகதேவ் தோரட், பால் அட்வெல் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வை நினைவூட்டுகிறேன். ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை உயர்சாதி, தலித், முஸ்லிம் பெயர்களில் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். பின்னிரண்டு பெயர்களுக்கும் நேர்காணல் அழைப்பு குறைவாக வந்தது. இதைத் தெரிந்துகொண்டே ஓர் இளைஞர் அரசுத் தேர்வுக்கு ஐந்து ஆண்டுகள் படிக்கிறார் என்றால் அதை அறியாமை என்று ஒதுக்க நமக்கு உரிமை இல்லை. அது அவர் போட்ட கணக்கு. ஆய்வாளர் அந்தக் கணக்கை மதித்துக் கேட்க வேண்டும்: எவ்வளவு காலம் காத்திருந்தீர்கள், அந்தக் காலத்தில் வீட்டுச் செலவை யார் பார்த்தார்கள், என்ன வேலையை விட்டுக்கொடுத்தீர்கள்?

5. பட்டம் பெற்ற பெண்களும் பயணத் தொலைவும்

பெண்களைத் தனித் தலைப்பில் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. அரசு மகளிர் கல்லூரிக்கு நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் போய்வந்த மாணவி, பட்டம் பெற்ற மறுநாள் வேறோர் உலகத்தைச் சந்திக்கிறார். கல்லூரி அவர் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் இருந்தது. வேலை அங்கே இல்லை. சென்னையின் ஓஎம்ஆர் பகுதிக்கோ பெங்களூருக்கோ தனியே போகக் குடும்பம் சம்மதிக்க வேண்டும், பாதுகாப்பான விடுதி வேண்டும், முதல் ஆறு மாதச் சம்பளம் விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போதுமானதாக இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அவர் வேலை தேடுவதை நிறுத்திவிடுகிறார்.

அப்படி நிறுத்தியவர் வேலையின்மைக் கணக்கில் வரமாட்டார். வேலையில்லாதவர் என்று பதிவாக வேலை தேடுபவராக இருக்க வேண்டும். தேடாதவர் தொழிலாளர் படைக்கு வெளியே வைக்கப்படுகிறார். ஆக ஒரு மாவட்டத்தில் பெண் பட்டதாரிகள் நம்பிக்கை இழந்து வீட்டில் இருக்க இருக்க, அந்த மாவட்டத்தின் வேலையின்மை விகிதம் அழகாகத் தெரியும்.

இந்தியாவின் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் ஐந்தில் இருவர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள் என்பதை 2019-20 ஆண்டுத் தொழில்துறைக் கணக்கெடுப்பு காட்டியது. வல்லம் வடகால் தொழிற்பூங்காவில் தொழிற்சாலைப் பெண்களுக்கான 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. தொலைவு என்ற தடையைக் கொள்கையால் குறைக்க முடியும் என்பதற்கு இது சான்று. இங்கே ஆய்வாளருக்குச் சில கேள்விகள் காத்திருக்கின்றன. அசெம்பிளி லைனில் நிற்கும் பெண்களில் பட்டதாரிகள் எவ்வளவு பேர்? அந்த வேலை அவர்களுக்கு அடுத்த படியா, அல்லது திருமணம் வரை சில ஆண்டுகளா? அவர்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தில் தம்பி தங்கையர் படிக்கிறார்களா? கடைசிக் கேள்வியில் வேலைவாய்ப்பு திரும்பவும் கல்விச் சேர்க்கையைத் தொடுகிறது. நம் இரண்டு கேள்விகளும் ஒரே குடும்பத்துக்குள் சந்திக்கும் இடம் அது.

6. ஆய்வேட்டை எப்படி எழுதுவது?

இந்தியாவில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள் 2014-15இல் 1.17 லட்சம். 2021-22இல் 2.12 லட்சத்துக்கும் மேல். ஆய்வேடுகள் சோத்கங்கா தளத்தில் எல்லாரும் படிக்கும்படி கிடக்கின்றன. இந்தப் பொருளில் அங்கே அடிக்கடி காணும் வடிவம் ஒன்று உண்டு. ஒரு மாவட்டத்தில் சில கல்லூரிகள். இறுதியாண்டு மாணவர்கள் சில நூறு பேர். ஐந்து புள்ளி அளவுகோலில் ஒரு வினாநிரல். முடிவில் வேலைக்கான திறன்கள் குறைவு, ஆங்கிலம் குறைவு, பயிற்சி வேண்டும்.

இந்த வடிவத்தின் குறை உழைப்பில் இல்லை, கேட்கும் நேரத்தில் இருக்கிறது. கல்லூரியை விட்டு வெளியே வராதவரிடம் வேலையைப் பற்றிக் கேட்கிறோம். அவர் சொல்வது எதிர்பார்ப்பு. நமக்கு வேண்டியது நடந்தது. மேலும், வேலைச் சந்தையை அளக்காமல் மாணவரை மட்டும் அளந்தால் குறை மாணவரிடம்தான் தெரியும். வேலையே இல்லாத மாவட்டத்தில் திறன் குறைவு என்று முடிவு எழுதுவது அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநீதி.

மாற்று வழி, வெளியேறியவரைப் பின்தொடர்வது. ஒரு கல்லூரியின் பட்டமளிப்பு விழாப் பட்டியலை எடுத்துக்கொண்டு, ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு முடிந்தவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிரிட்டனில் இதை அரசு முறையாகவே செய்கிறார்கள். முன்பு பட்டம் பெற்று ஆறு மாதத்தில் விசாரித்தார்கள். அது மிக முந்தியது என்று உணர்ந்து, 2017-18இல் படிப்பை முடித்தவர்களிலிருந்து பதினைந்து மாதத்துக்குப் பின் விசாரிக்கிறார்கள். கல்விப் பதிவுகளையும் வருமான வரிப் பதிவுகளையும் இணைத்து, பட்டதாரிகளின் வருமானத்தை ஆண்டுக்கணக்கில் பார்க்கும் தரவுத் தொகுப்பும் அங்கே உண்டு. தொடக்கத்தில் அதன் வெளியீடுகளில் பட்டதாரி எந்த வட்டாரத்தில் வேலை பார்க்கிறார் என்பது இடம்பெறவில்லை. சம்பளம் குறைந்த வட்டாரத்தில் இருக்கும் பல்கலைக்கழகம், பட்டதாரிகள் அங்கேயே தங்கிய ஒரே காரணத்தால் தாழ்ந்து தெரிந்தது. பின்னர் வட்டாரத் தகவலைச் சேர்த்தார்கள்.

இது நமக்கும் பாடம். நம் தேசியத் தரவரிசைக் கட்டமைப்பு வேலை பெற்ற மாணவர்களின் இடைநிலைச் சம்பளத்தைக் கேட்கிறது. அரியலூர் மாவட்டத்தின் ஜெயங்கொண்டத்தில் பள்ளி ஆசிரியையாகத் தங்கிவிட்ட பட்டதாரி தம் கல்லூரியின் மதிப்பெண்ணைக் குறைக்கிறார். அதே பட்டத்தோடு பெங்களூர் போனவர் கூட்டுகிறார். அந்த வட்டாரத்துக்கு இருவரில் யார் தேவை என்ற கேள்விக்கு அந்தக் கட்டமைப்பில் இடமில்லை.

பின்தொடரும் ஆய்வில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு: கிடைக்காதவர்கள். நல்ல வேலையில் இருப்பவர் போனை எடுப்பார், மகிழ்ச்சியோடு பேசுவார். வேலையில்லாதவர் எடுக்கத் தயங்குவார். திருமணமாகிப் போன பெண்ணின் எண் மாறியிருக்கும். விடை தந்தவர்களை மட்டும் வைத்துச் சராசரி போட்டால் பிளேஸ்மென்ட் பட்டியலையே இன்னொரு முறை எழுதியவர்கள் ஆவோம். கிடைக்காதவர்களில் ஒரு சிறு பகுதியையாவது வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும். ஆய்வேட்டின் மதிப்பு அந்தச் சிறு பகுதியில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அரசின் காலமுறைத் தொழிலாளர் படைக் கணக்கெடுப்பும் இப்போது நமக்குச் சாதகமாக மாறியிருக்கிறது. 2025 ஜனவரியிலிருந்து அதன் மாதிரி வடிவமைப்பில் மாவட்டமே அடிப்படை அலகு. ஆனாலும் ஒரு மாவட்டத்தில் எடுக்கப்படும் வீடுகளில் இளம் பட்டதாரிகளைப் பிரித்தால் கையில் நிற்பவர்கள் சிலரே. அந்தத் தரவு சட்டகத்தைத் தரும். உள்ளடக்கத்தை ஆய்வாளரின் களப்பணிதான் தர வேண்டும். வருங்கால வைப்பு நிதிப் பதிவுகளும் உதவும், ஆனால் இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்களே பொதுவாக அதில் வரும். கடைக் கணக்கர், டியூஷன் எடுப்பவர், சொந்தமாகக் கணினி மையம் வைத்திருப்பவர் வெளியே நிற்பார்கள்.

7. செய்ய வேண்டியவை

ஆய்வாளர்களிடமும் பல்கலைக்கழகத்திடமும் அரசிடமும் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, ஒரே வினாநிரல். ஒரு பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் இந்தப் பொருளில் ஆய்வு செய்வோர் பள்ளி முடித்த மாவட்டம், கல்லூரி மாவட்டம், இப்போதைய மாவட்டம், முதல் வேலைக்குக் காத்திருந்த மாதங்கள், முதல் சம்பளம், இன்றைய சம்பளம், பெற்றோரின் கல்வி, தொழில் ஆகியவற்றை ஒரே சொற்களில் கேட்க வேண்டும். அப்போது ஒருவரின் முந்நூறு பேரும் இன்னொருவரின் முந்நூறு பேரும் கூட்டத் தக்கவர்கள் ஆவார்கள். பத்து ஆய்வேடுகள் சேர்ந்தால் ஒரு வட்டாரத்தின் கணக்கு கிடைத்துவிடும்.

இரண்டாவது, ஆய்வேட்டுக்குத் தமிழில் பத்துப் பக்கச் சுருக்கம். அது மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும், விவரம் தந்த கல்லூரிகளுக்கும், மாவட்ட நூலகத்துக்கும் போக வேண்டும். வாய்மொழித் தேர்வு முடிந்ததோடு ஆய்வேட்டின் பயணம் முடியக் கூடாது. தம் வாழ்க்கையைத் திறந்து சொன்னவர்களுக்கு அதன் முடிவைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு.

மூன்றாவது அரசுக்கானது. பள்ளி மாணவர்களின் விவரங்கள் எமிஸ் தளத்தில் இருக்கின்றன. கல்லூரி மாணவர்களின் விவரங்கள் யுமிஸ் தளத்தில் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால் மூன்று மாவட்டங்களில் முதல் இரண்டு கிடைத்துவிடும். பட்டம் பெற்றபின் மாணவரின் சம்மதத்தோடு ஆண்டுக்கு ஒரு முறை சில கேள்விகள் கேட்டால் மூன்றாவதும் கிடைக்கும். 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டு, பெயரை நீக்கி, இந்தத் தரவை ஆய்வாளர்களுக்குத் தரலாம். மாதம் 1,000 ரூபாய் தரும் அரசுக்கு அந்தப் பணம் என்ன விளைவித்தது என்று அறியும் கடமையும் இருக்கிறது.

நான்காவது, கல்லூரி முதல்வர்களுக்கு. பிளேஸ்மென்ட் பட்டியலோடு வேலை பெறாதவர்களின் பட்டியலையும் தயாரியுங்கள். அவர்களில் யார் மேற்படிப்பில், யார் தேர்வுத் தயாரிப்பில், யார் வீட்டில் என்று குறித்துவையுங்கள். விளம்பரப் பதாகைக்கு அது பயன்படாது. அடுத்த ஆண்டு எந்தப் பாடப்பிரிவைத் திறப்பது, எதை மாற்றுவது என்று முடிவெடுக்கும் நாளில் அதைவிடப் பயனுள்ள ஆவணம் உங்களிடம் இருக்காது.

ஆய்வாளர்களே, உங்களில் பலர் உங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். நீங்கள் ஆராயப்போகும் சந்தையில் நாளை நீங்களும் வேலை தேட வேண்டியவர்கள். அதனால் உங்கள் ஆய்வில் சார்பு வந்துவிடும் என்று யாரேனும் சொன்னால் கலங்க வேண்டாம். எங்கே கேட்க வேண்டும், எந்த விடையின் பின்னால் சொல்லாத விடை இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அந்த அறிவுக்கு முறையியலின் ஒழுங்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களில் ஒவ்வொன்றுக்கும், தன் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பியது தனக்கு என்ன தந்தது என்று எடுத்துச் சொல்லும் ஓர் ஆய்வேடாவது வேண்டும். அவற்றுள் முதலாவது இந்தத் துறையிலிருந்து வரட்டும். அதற்கு என்னாலான உதவியைக் கேட்கும்போதெல்லாம் செய்யக் காத்திருக்கிறேன்.